ருஸ்தி சொல்லாத காரணம்

மலேசியாவின் டுங்குன் துறைமுகக் கால்பந்து அணியில் ருஸ்தி பதினான்கு வருடம் ஆடினான். அத்தனை வருடமும் அவன் சட்டையைத் துவைத்தவன் நான். யார் எப்படி ஆடினார்கள் என்பது துவைக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். சிலருடைய சட்டை மழை பெய்த நாளில்கூட அழுக்கில்லாமல் வரும். ருஸ்தியின் சட்டையில் இடது தோளில் புல்கறை இல்லாத நாளே கிடையாது. ஆள் குள்ளம். பெரிய ஆட்கள் மோதித் தள்ளுவார்கள். விழுந்த இடத்திலிருந்தே பந்தைக் காலால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு எழுவான்.

அவன் அப்பா கெமாமான் ஊருக்கு பஸ் ஓட்டியவர். மகனும் ஸ்டியரிங் பிடிப்பான் என்றிருந்தார். பத்தொன்பது வயதில் அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றபோது, "பந்து உதைக்கறதுக்கு மாசச் சம்பளம் குடுக்கறானா?" என்று மூன்று முறை கேட்டாராம்.

இருபத்தாறு வயதில் தேசிய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தது. தெருவே திரண்டு பை நிறைய கெரொபோக் மீன் அப்பளம் கொடுத்து அவனை வழியனுப்பியது. நான்காம் நாள் டெங்கிக் காய்ச்சல். பதினோராம் நாள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். "கோலாலம்பூர் கொசுவுக்கு என் ஆட்டம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, போக் தே" என்று என்னிடம் சிரித்தான். ஊரில் எல்லோரும் என்னை போக் தே என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அழைப்பு மறுபடி வரவில்லை. அதைப் பற்றி அவன் பேசியும் நான் கேட்டதில்லை.

அவனோடு அதே வருடம் சேர்ந்தவன் கோல்கீப்பர் ஜைலானி. தென்னை மரம் மாதிரி உயரம். ஆட்டம் தொடங்கி முடியும்வரை கோலுக்குள் நின்று கத்திக்கொண்டே இருப்பான். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் இருவருக்கும் ஒரே அறை. "இவன் விடுற குறட்டைக்கு எனக்குத் தனியா சம்பளம் குடுக்கணும்" என்று காலையில் இருவருமே என்னிடம் புகார் செய்வார்கள்.

முப்பத்து மூன்று வயதில் ருஸ்தியின் முட்டி போய்விட்டது. ஒரு வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தான். அப்போது இருந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர், தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றதும் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர் ருஸ்தியைக் கூப்பிட்டு, "நீயே மேனேஜரா இருந்து பாரு" என்றார்.

முதல் நாள் அவன் உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஜைலானி மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"இனிமே உன்னை சார்னு கூப்பிடணுமாடா?"

"கூப்பிட்டுப் பாரு. மைதானத்தைப் பத்து ரவுண்டு ஓட விடறேன்."

அறையே சிரித்தது. ருஸ்தி யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தவறு செய்தவனைத் தனியாகக் கூட்டிப்போய், வேலியோரம் நடந்துகொண்டே பேசுவான். கடைசி இடத்தில் கிடந்த அணி மெல்ல மேலே வந்தது.

ஆகஸ்டில் மறுபடி சறுக்கியது. ஜைலானியின் இடப்பக்கமாகக் கோல்கள் விழுந்தன. முன்பெல்லாம் ஒற்றைக் கையால் தட்டிவிடக்கூடிய பந்துகள். பயிற்சியின்போது வெள்ளைப் பந்தை வேண்டாம் என்று சொல்லி மஞ்சள் பந்தையே கேட்க ஆரம்பித்தான். எனக்கு அது வினோதமாக இருந்தது. வயதாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவனுக்கு அப்போது முப்பத்தைந்து. கோல்கீப்பருக்கு அது ஒரு வயதே இல்லை.

கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை. தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடுவோம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை காலையில் ருஸ்தி என் வீட்டுக்கு வந்தான்.

"போக் தே, உங்க மோட்டார் சைக்கிள்ல என்னை ஜைலானி வீட்டுல விடுங்க."

"நாளைக்கு அவனை இறக்கலையா?"

"அதைச் சொல்லத்தான் போறேன்."

போனோம். ஜைலானியின் மனைவி ஹஸ்னிதா சூரை மீன் குழம்போடு தேங்காய்ப்பால் சோறான நாசி டாகாங் வைத்தாள். ஜைலானி நாளைய ஆட்டத்தைப் பற்றியே பேசினான். கார்னர் வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று மேசையில் மிளகாய்களை அடுக்கிக் காட்டினான். ருஸ்தி தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான். இரண்டாவது தட்டும் முடிந்தது. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

நான் வண்டியைத் திருப்பும்போது ஹஸ்னிதா வெளி கேட்டுவரை ஓடி வந்து ருஸ்தியை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒரு விஷயம். அவருக்கு இடது கண்ணு சரியாத் தெரியல."

"எத்தனை நாளாம்மா?"

"நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியிருந்தே. அந்தப் பக்கம் திரை போட்ட மாதிரி இருக்குங்கறாரு. டாக்டர்கிட்ட போனா ஆட விடமாட்டாங்கன்னு போகவே மாட்டேங்கறாரு. யார்கிட்டயும் வாயத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை மன்னிக்கவே மாட்டாரு."

ருஸ்தி கேட்டைச் சாத்தினான். "நீ எதுவும் சொல்லலம்மா. எனக்கும் எதுவும் தெரியாது" என்றான்.

மறுநாள் மதியம் பட்டியலை அவனே வாசித்தான். கோல்கீப்பர், அம்ஷார். இருபத்தொரு வயதுப் பையன், அதுவரை நான்கு ஆட்டம்தான் ஆடியிருந்தான்.

"என்ன காரணம்?" என்றான் ஜைலானி.

"இன்னைக்கு அவன் ஆடட்டும்."

"காரணம் கேட்டேன்."

"என் முடிவு."

ஜைலானி கையுறைகளைக் கழற்றி என் கூடையில் போட்டான். "சரிங்க, கோச். நீங்க சொன்னா சரி" என்றான். பதினைந்து வருடத்தில் அவன் ருஸ்தியிடம் நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ருஸ்தி அடுத்த பெயரை வாசித்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கடைசி நிமிடத்தில் அம்ஷார் பாய்ந்து ஒரு பந்தைத் தடுத்தான். தப்பித்துவிட்டோம். ஊர் கொண்டாடியது. ஆனால் ஜைலானி சங்கத்துக்கு வரவேயில்லை. ஒரு வாரம் கழித்து ராஜினாமாக் கடிதம் மட்டும் வந்தது. ஒரே அறையில் தங்கின சிநேகிதனையே கழற்றிவிட்டான் என்று சந்தையில் ருஸ்தியின் காதுபடவே பேசினார்கள். அவன் மீனை வாங்கிக்கொண்டு நடப்பான். டாக்டரிடம் போகச் சொல்லி ஜைலானிக்கு மூன்று முறை ஆள் அனுப்பினான். "என் உடம்பைப் பத்தி அந்த ஆளுக்கு என்ன கவலை" என்ற பதில்தான் வந்தது.

ஏழு மாதம் ஆயிற்று. ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஜைலானி, லாரியைப் பின்னால் எடுக்கும்போது மீன் சந்தைச் சுவரை இடித்துவிட்டான். ஹஸ்னிதா அதற்குமேல் பொறுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி குவாலா திரங்கானு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கண்ணுக்குள் விழித்திரை கிழிந்திருந்தது. முகத்தில் ஒரு பந்து பட்டிருந்தால் அந்தக் கண் மொத்தமாகப் போயிருக்கும் என்றாராம் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் ஹஸ்னிதா எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள்.

மறுநாள் காலை ஜைலானி மைதானத்துக்கு வந்தான். ருஸ்தி குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான் வலை கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா சொல்லல?" என்றான் ஜைலானி.

ருஸ்தி நிமிர்ந்தான். "சொன்னா நீ ஹஸ்னிதாகிட்ட சண்டை போட்டிருப்ப."

"உன்கிட்ட போட்டது மட்டும் பரவாயில்லையா?"

"நாம போடாத சண்டையா. அவகூட நீ வாழணும்ல."

ஜைலானி பாதி போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "அன்னைக்கு வெளிய உட்கார்ந்து என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? தோத்துப்போகணும்னு."

"தெரியும். உன் மூஞ்சியப் பார்த்தேன்."

"அந்தப் பையன் கடைசிப் பந்தைப் பிடிச்சப்ப என்னையறியாம எந்திரிச்சுக் கத்திட்டேன்."

"அதையும் பார்த்தேன்" என்றான் ருஸ்தி. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை வைத்தான். கையிலிருந்த சுண்ணாம்பு சட்டையில் அப்பிக்கொண்டது. நான் வலையை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அறுவை சிகிச்சையன்று ருஸ்தி பயிற்சியை ரத்து செய்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். கண் முழுசாகத் திரும்பவில்லை. லாரி ஓட்ட முடியாது, மீதி வாழ்க்கைக்குப் போதும்.

ருஸ்தி இன்னும் மூன்று வருடம் மேனேஜராக இருந்தான். பிறகு புதுத் தலைவர் வந்தார். தொலைபேசியிலேயே ருஸ்தியை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது பெசுட் ஊரில் ஒரு சின்ன அணியைப் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் நான், ஜைலானி, ஹஸ்னிதா மூவரும் ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். ஜைலானி ஆட்டம் முழுக்க அந்தக் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டே இருந்தான்.

ஆட்டம் முடிந்து வெகுநேரமாகியும் ருஸ்தி வரவில்லை. வேலியோரம் ஒவ்வொருவனாகக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

"இன்னும் எத்தனை பேர்கிட்டதான் பேசுவாரு அண்ணன்? பசிக்குது" என்றாள் ஹஸ்னிதா.

"ஆடினவங்க முடிஞ்சாச்சு" என்றான் ஜைலானி. "இனி இறக்காத பசங்க."

அவர்களோடு பேசத்தான் அவனுக்கு அதிக நேரமானது. நாங்கள் காரில் உட்கார்ந்து கெரொபோக் தின்றபடி காத்திருந்தோம்.