நம்ம எழுத்து லேப்டாப்

பாங்காக்கில் லேப்டாப்பைக் கத்தரிக்காய் மாதிரி நிறுத்துப் போடுகிறார்களாம். பூக்காரி ஜெயக்கொடியின் கொழுந்தனாரோடு வேலை பார்த்த யாரோ கண்ணால் பார்த்ததாம். பழங்காநத்தம் முக்கில் மல்லிகைக்கு முழம் போடச் சொல்லி நின்ற லலிதாம்பாளுக்கு அதுவே போதும். அவள் மகன் கார்த்திகேஷ் மூன்று வருஷமாக அந்தப் பாங்காக்கில்தான் ஒரு ஜவுளிக் கம்பெனியில் இருக்கிறான். மகள் பிருந்தாவோ காலேஜ் வேலைக்குத் தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். பூ வாடுவதற்குள் போன் போய்விட்டது.

கார்த்திகேஷ் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். லிஃப்ட் வரை போய்விட்டு நாலாவது தடவைக்குத் திரும்பி வருவான். ஆறு மாடிக் கம்ப்யூட்டர் மாலில் இரண்டு சனிக்கிழமை அலைந்தான். தராசு வைத்த கடை ஒன்றுகூடத் தென்படவில்லை. சார்ஜர் மதுரை கரண்டுக்குத் தாங்குமா, வாரண்டி ஊரில் செல்லுமா, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களா என்று கடைக்காரப் பெண்ணைக் குடைந்தான். எல்லாவற்றுக்கும் அவள் சிரித்தாள். பட்டனுக்குப் பட்டன் இங்கிலீஷ் எழுத்தின் பக்கத்தில் ஒரு தாய்லாந்து எழுத்தும் குந்தியிருந்ததைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை. அங்கே விற்பதெல்லாம் அப்படித்தான். ஊருக்குக் கிளம்பிய நண்பரிடம் கொடுத்தனுப்பினான்.

பெட்டியைப் பிரித்தவர் துளசிராம் மாமா. லலிதாம்பாளின் தம்பி, அவர்கள் தெருச் சௌராஷ்டிர சபையின் எழுத்துக் கமிட்டிச் செயலாளர். வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழிக்குச் சொந்த எழுத்து உண்டு. படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் மாமா கிடையாது. பத்து நாள் வகுப்பில் மூன்று நாள் போனவர். அதில் மனசில் நின்றது, நம் எழுத்தென்றால் வளைவும் சுழியும் என்பதுதான். பட்டன்களில் வளைவும் இருந்தது, சுழியும் இருந்தது.

உடனே பாங்காக்குக்குப் போன் போட்டார். சௌராஷ்டிரத்தை வளர்க்கிறவர்தான், ஆனால் பெருமை பொங்கினால் அவருக்குத் தமிழ்தான் வரும்.

"மாப்ள, சபையே இம்புட்டு வருஷமா முக்கியும் முடியாதத நீ முடிச்சிட்டியேப்பா. பட்டன் பூராம் எழுத்து."

ரயில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த கார்த்திகேஷுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. மாமா குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"இங்க எல்லாமே அந்த எழுத்தோடதான் மாமா வருது."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆதியில் குஜராத்திலிருந்து கிளம்பிய சௌராஷ்டிரர்களில் ஒரு கோஷ்டி வழி தவறிப் பாங்காக் போய்ச் சேர்ந்த விஷயம் மறுநாள் காபிக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிருந்தா அது தாய்லாந்து எழுத்து என்று சொல்லித்தான் பார்த்தாள். மூணு நாள் படித்தவனுக்குத் தெரியுமா, ஒரு நாளும் படிக்காத உனக்குத் தெரியுமா என்று மாமா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிருந்தா அனுப்பிய நோட்டீஸைப் பார்த்துத்தான் கார்த்திகேஷுக்கு விஷயமே தெரிந்தது. 'நம் எழுத்துக் கணினி அறிமுக விழா'. மேலே அவனுடைய பாஸ்போர்ட் போட்டோ. சிறப்பு விருந்தினர், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற பேராசிரியர். பழைய எழுத்துகளைப் படிப்பதிலேயே ஆயுசைக் கழித்தவர். பத்து மணிக்கு விழா. மதுரையில் அப்போதே மணி ஒன்பதே முக்கால்.

உடனே பிருந்தாவை அழைத்தான்.

"வாங்குனவன் நீ சொன்னாத்தான்ணே எடுபடும்," என்றாள். "அந்த ஐயா கண்ணாடியப் போடுறதுக்குள்ள சொல்லிரு. இல்லேன்னா மாமா இனிமே சபை வாசல்ல செருப்புக்கூட விட முடியாது."

மாமாவுக்கு அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். பிருந்தா தன் போனில் மேடையை லைவாகக் காட்டத் தொடங்கினாள். ஆபீஸ் லேப்டாப்பில் அதைத் திறந்தான். லேப்டாப்புக்கு மல்லிகைச் சரம் சுற்றிக் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். மாமா பட்டு வேட்டியில் மைக்கைப் பிடித்து, என் மாப்ள, என் மாப்ள என்று உருகிக்கொண்டிருந்தார். சத்தத்தை அமுக்கி வைத்த அவருடைய போன் மேசையில் கிடந்தது. அதன் திரையில் கார்த்திகேஷின் முகம் மினுங்கி மினுங்கி அணைந்தது.

பேராசிரியர் எழுந்தார். கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு பட்டன்களின் மேல் குனிந்தார்.

கார்த்திகேஷ் மறுபடி அழுத்தினான். மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து பேராசிரியரின் கைப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது. மாமா திரும்பவே இல்லை.