பூட்டிய வீட்டுக்குள் யார் என்று சரசக்கா சொன்ன கதைகள்

சரசக்கா போய்விட்டார். நேற்று மதியம் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

என் நண்பர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. பொள்ளாச்சியைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் இருக்கிற முதலமடையில் ஒரு மாங்காய் குடோனில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அங்கே காய் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். நாற்பத்தேழு வயது. பத்தாவது வரை படித்தவர்.

நான் இதுவரை பேசியதிலேயே வீடியோ கேம் பற்றி அதிகம் பேசியது அவரிடம்தான். சிரிக்காதீர்கள், நிஜம்.

மாங்காய்ப் பெட்டிக்குள் விரிக்க கோயம்புத்தூரிலிருந்து பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். ஒருநாள் அதில் ஒரு இங்கிலீஷ் கேம் பத்திரிகை இருந்தது. பளபளவென்று கலர் பக்கங்கள்.

அக்கா அதை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "ஏனுங் தம்பி, இதுல ஒருத்தி பனியில தனியா நடந்து போறா. எங்க போறா, என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

அது ஒரு கேமின் கதை. படித்துச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு மலையூரில் தபால் கொடுக்கிறவள். எல்லா வீட்டுக் கதவும் திறக்கும், உச்சியில் ஒரு வீடு மட்டும் திறக்காது. தினமும் கதவுக்கு அடியில் கடிதத்தைத் தள்ளிவிட்டு வருவாள். கடைசியில் ஒருநாள் அவளுக்குச் சாவி கிடைக்கிறது...

அங்கே "மீதி அடுத்த இதழில்" என்று போட்டிருந்தது. கட்டு முழுக்கத் தேடினோம். அடுத்த இதழ் இல்லை.

"நெட்டுல பாத்துரலாங்க்கா" என்றேன்.

"அய்யோ வேணாமுங்க. பாத்துட்டா அப்புறம் நாம என்னத்தப் பேசறது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று மாங்காய் சீசன், தினமும் சாப்பாட்டு நேரத்தில், அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

ஒரு வாரம் உள்ளே ஒரு திருடன் இருப்பான். அடுத்த வாரம் ஊரை விட்டு ஓடிப்போன, அந்தத் தபால்காரப் பெண்ணின் அக்கா. செந்தூரம் மாங்காய் லோடு அதிகமாக வந்த ஒரு நாள், சரசக்காவின் கை மாங்காய்ப் பால் பட்டுக் கொப்பளித்திருந்தது. ஊதிக்கொண்டே சொன்னார்.

"உள்ள யாருமே இல்லீங் தம்பி. கடுதாசி எல்லாம் பிரிக்காம குமிஞ்சு கெடக்குது. அவ கீழ உக்காந்து ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் படிக்கறா. எல்லாம் அவளுக்கு வந்ததுங்க."

எனக்கு அன்று மதியம் பில்லில் கையே ஓடவில்லை.

மற்ற கேம்களும் பேசுவோம். நான் போனில் ரிவ்யூ படித்துக் கதையாகச் சொல்வேன். அவர் நடுவில் கேள்வி கேட்பார். கதையில் வருகிற ராஜா ஏன் குதிரையை விட்டுவிட்டுப் போனான், அது என்ன தின்னும்... இதற்கெல்லாம் பதில் எந்த ரிவ்யூவிலும் இருக்காது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆடுவதைவிடப் பேசுவதுதான் பிடிக்கும். லேப்டாப்பில் வாங்கிப் போட்ட கேம் இருபதுக்கு மேல் இருக்கும், ஒன்றைக்கூட முடித்ததில்லை. அரை மணி நேரம் ஆடிவிட்டு, மூடிவைத்து, அதைப் பற்றிப் படிக்கப் போய்விடுவேன். மற்றவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சம். அக்காவிடம் கூச்சமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கவிதாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். லேப்டாப்பை டிவியில் மாட்டி, அக்கா கையில் கேம் ஆடுகிற கன்ட்ரோலரைக் கொடுத்தேன். பத்து நிமிஷம் அவருடைய ஆள் ஒரு சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். அக்கா கீழே வைத்துவிட்டார்.

"நான் ஆடட்டுமாக்கா? நீங்க பாருங்க" என்று வாங்கிக் கொஞ்ச நேரம் ஆடினேன்.

"வேணாமுங்க. ஆடறப்ப நீங்க வாயே தொறக்க மாட்டீங்கறீங்க. அணைச்சுப்போட்டுச் சொல்லுங்க."

டிவியை அணைத்துவிட்டுச் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். என் மனைவி இரண்டு தடவை டீ போட்டாள்.

அக்காவிடம் கடைசிவரை சொல்லாத ஒன்று உண்டு. மூன்றாவது சீசன் முடியும்போது பொறுக்க முடியாமல் நான் அந்த முடிவை நெட்டில் பார்த்துவிட்டேன்.

கதவு திறக்கிறது. உள்ளே ஒரு பூதம். அதை அடித்துக் கொன்றால் கேம் முடிந்தது. அவ்வளவுதான்...

அப்புறம் வேலை மாறி நான் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். போனில் பேசும்போதெல்லாம் அக்கா கேட்பார், "அந்த ஊட்டுக்குள்ள யாருன்னு எதாச்சும் தோணுச்சுங்களா?" நானும் புதிதாக ஏதாவது சொல்வேன். கடைசியாகப் பேசியது போன மாசம். அன்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் ஒரு கதைங்களா?" என்று சிரித்தார்.

இன்று காலை முதலமடைக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது கவிதா வாசல் வரை வந்தாள்.

"அண்ணா, அந்தத் தபால்காரப் பொண்ணு கேம்... அம்மா அந்த முடிவப் பாத்துட்டாங்க. எம் போன்லதான் பாத்தாங்க. ரண்டு வருசம் இருக்கும். அந்தப் பூதத்தப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. 'தம்பிகிட்டச் சொல்லீராத, பாவம், வருத்தப்படும்'னாங்க."

நானும் அந்த முடிவைப் பார்த்துவிட்டதை அவளிடம் சொல்லாமலே கிளம்பினேன்.

பக்கத்தில் இருக்கிற கொல்லங்கோடு வந்து பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் போனைத் திறந்தால், ஒரு புது கேம் வரப்போகிறது என்று நியூஸ்.

கடலுக்கு அடியில் ஒரு ரயில் ஓடுகிறதாம் அக்கா. ஜன்னலுக்கு வெளியே மீன்கள். யார் ஓட்டுகிறார்கள் என்று எங்கேயும் போடவில்லை...

போய் வாங்கக்கா.