வருசத்து மஞ்சள்

எங்கள் இல்லத்துப் பிள்ளைகள் சித்திரை வருசப் பிறப்புக்கு உடுப்பு எடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு டவுனில் இருக்கும் அந்தப் புடவைக்கடையை அன்று மாலை மற்றவர்களுக்குப் பூட்டிவிடுவார்கள். உள்ளே முழுக்க எங்கள் பெண்பிள்ளைகள்தான். தட்டில் இருக்கும் துணியெல்லாம் தரைக்கு வரும். ஒருத்தி பச்சையை எடுப்பாள், வைப்பாள், நீலத்தைத் தடவிப் பார்ப்பாள், கடைசியில் பச்சைக்கே திரும்புவாள். விற்பனைக்கு நிற்கும் பெண்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இது கடைக்காரப் பெரியவர் வைத்த வழக்கம். கிரானில் அரிசி மில், டவுனில் புடவைக்கடை என்று வசதியான குடும்பம். தாய் தகப்பன் இல்லாத, இருந்தும் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்காகக் கல்முனை வீதியில், வாவிப் பக்கமாக இருந்த தங்கள் வளவிலேயே இந்த இல்லத்தைக் கட்டினார்கள். படிப்பித்து ஓய்வு பெற்றிருந்த என்னைப் பொறுப்பாக வைத்தவரும் அவர்தான்.

"ஒரே துணியில தைச்சுக் குடுத்தா, ரோட்டால போகக்குள்ள ஹோம் புள்ளயள் எண்டு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி. அதுகளுக்குப் புடிச்சத அதுகளே எடுக்கட்டும்" என்பார்.

பெரியவர் காலமானதும் கடை மகன் கைக்கு வந்தது. நல்ல பிள்ளைதான், ஆனால் எதையும் சுருக்காக முடிக்கப் பார்க்கிற ஆள். பிள்ளைகளை ஏன் டவுனுக்கு அலைக்கழிக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார். பஞ்சாங்கத்தைப் புரட்டினால், அந்த வருசத்துக்கு மஞ்சள் உடுத்துவது நல்லது என்று இருந்ததாம். மஞ்சளில் சின்ன வெள்ளைப் பூப்போட்ட துணி. பள்ளிச் சட்டைக்கு எடுத்த பிள்ளைகளின் அளவுக் குறிப்பு கடையில் இருந்தது. எல்லோருக்கும் ஒரேமாதிரிச் சட்டை தைத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

சின்னதுகள் குதித்தன. ஒன்பதாம் ஆண்டு படிக்கும் ஒருத்தி மட்டும் மடித்த சட்டையைப் பிரிக்கவேயில்லை. அவளுடைய தாய் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனவள், பிறகு சத்தமில்லை. பள்ளிக்கூடத்தில் அவள், தான் சித்தி வீட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். எனக்குத் தெரியும். திருத்தப் போகவில்லை. அதனால் யாருக்கு என்ன நட்டம்?

"பெரியம்மா, நான் வருசத்துக்குக் கோயிலுக்கு வரல்ல."

"ஏன் புள்ள?"

"என்ட கூட்டாளியும் அங்கதான் வருவா. எல்லாரும் இதே சட்டையோட போனா அவவுக்கு விளங்கிரும்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். சமையல் செய்பவள் குறுக்கே வந்து, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்றாள். மாடு எனக்கென்றால் பார்த்திருக்கமாட்டேன். அடுத்த நாள் காலை பஸ் ஏறினேன்.

மகன் என்னைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். விசயத்தைச் சொன்னேன், பிள்ளை யாரென்று சொல்லவில்லை.

"வருசம் கிட்ட வந்திற்று டீச்சர். இனித் தைக்கிறதுக்கு ஆள் எங்க தேடுற? நல்ல துணி. என்ட மகளுக்கும் இதவிட நல்லது எடுக்கிறல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு ஏறியது.

"அப்ப உங்கட மகளுக்கும் இதையே உடுத்தி, எங்கட புள்ளயளுக்கு நடுவுல நிப்பாட்டுங்க பாப்பம். நான் சண்டைக்கு இதச் சொல்லல்ல தம்பி, உங்கட அப்பா நெத்தியில எழுதி ஒட்டின கதைய உங்களுக்குச் சொல்லித் தரல்லயா?"

கடையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மேசையில் கிடந்த அளவுநாடாவைச் சுருட்டினார், அவிழ்த்தார், மறுபடி சுருட்டினார். நான் எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில்தான் பயம் பிடித்தது. இல்லத்தில் வேகும் அரிசியே அவர்கள் மில்லில் இருந்து வருவது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கென்றே சொல்லி வைத்தது.

அரிசி வழக்கம்போல வந்தது. பதில்தான் வரவில்லை.

வருசத்தன்று மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, எல்லோரும் மஞ்சள் உடுத்தினார்கள். இல்லத்தில் தனியே விட்டுப்போக முடியாததால் அவளும் உடுத்தினாள். பழசோடு போனாலும் ஆட்கள் கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். வரிசையில் கடைசியாக, என் சேலைக்குப் பின்னால் மறைந்துகொண்டு நடந்தாள். 

சந்தியில் ஒரு சைக்கிள் எங்களைக் கடந்தது. பின்னால் இருந்த பிள்ளையின் சட்டை மஞ்சள், அதே வெள்ளைப் பூ. கொஞ்சம் தள்ளி ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். மூன்று பேருக்கும் அதே துணி. கோயிலுக்குள் போனால், பார்க்கிற பக்கமெல்லாம் அதே மஞ்சள்தான். கைக்குழந்தைக்குக்கூடத் தைத்துப் போட்டிருந்தார்கள்.

கடைக்கார மகனும் மனைவியும் முன்னமே வந்து நின்றார்கள். மனைவியின் சட்டை அந்தத் துணியில். அவர்களுடைய மகள் அந்த மஞ்சளோடு ஓடிவந்து எங்கள் சின்னதுகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள்.

"மிச்சத் துணியக் கடை வாசல்ல தொங்கவிட்டன் டீச்சர்" என்றார். "வருசத்து நிறம் எண்டு விலையையும் குறைச்சன். ஒரு முழம் மிஞ்சல்ல. வாற வருசம் கடையப் பூட்டுறன், புள்ளயள் வந்து எடுக்கட்டும்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வியாபாரியின் பிள்ளை பிழையைத் திருத்தினாலும் வியாபாரமாகத்தான் திருத்துவான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் தகப்பனை நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் கூட்டாளி எங்கள் பிள்ளையைக் கண்டு ஓடிவந்தாள். அவளும் மஞ்சள்.

"நீயும் இதா? எங்க எடுத்த?"

"டவுன்ல" என்று சொல்லிக் கடையின் பெயரையும் சொன்னாள் எங்கள் பிள்ளை. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு பொங்கல் வாங்கப் போனார்கள்.

திரும்பி வரும்போது அவள் எனக்குப் பின்னால் இல்லை. எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவள், ஒருமுறை நின்று நான் வரும்வரை காத்திருந்தாள்.

"பெரியம்மா, அவவுக்கு இடுப்புல கொஞ்சம் லூஸ். எனக்குத்தான் நல்லா இரிக்கி, என்ன?"

"ஓம் புள்ள" என்றேன்.