பூஜையில் இருந்த வீணை

என் தங்கை சாவித்ரி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு வாரம் தாங்காது என்று சொன்ன டாக்டரை ஜெயித்தாள். காஞ்சன்பாக் குடியிருப்பில் பெண்களுக்கு வைத்த மெதுசைக்கிள் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அப்போது அவளுக்குச் சைக்கிள் சரியாக ஓட்டவே வராது. அதுதான் கைகொடுத்தது என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி மல்காஜ்கிரிக்குப் போனபின், ஒரு வருடம் திங்கள்தோறும் மனுவோடு நடந்து தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்தாள். அவள் கணவர் விஸ்வநாத்தின் முதல் மனைவி விட்டுப்போன குழந்தை ஸ்ரேயா, இவளை 'பின்னி' என்று தெலுங்கில் சித்தி முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் காய்ச்சலில் 'அம்மா' என்றது. குணமான பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டு வயதில், இனிமேல் விரல் வளையாது என்று தயங்கிய சுமதி டீச்சரிடமே வீணை வகுப்பில் சேர்ந்தாள். எட்டு வருடம் கழித்து, விரல் வளையாத சின்னப் பிள்ளைகளுக்கு அதே டீச்சர் இவள் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் ருக்மிணி, அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். பத்தாவது வரைதான் படித்தேன். காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் செப்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறிவிட்டால் முழுச் சுருளையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் எதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே பழகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு. என் பாவாடை மடிப்பு பிரித்து அவளிடம் போகும். என் செருப்பு முன்னால் பஞ்சு வைத்து அவளிடம் போகும். அம்மா படுக்கையில் விழுந்ததும் ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். என் பழைய ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் மட்டும் அவளிடம் இருந்தன. பள்ளிக்கூடம் போகாமலே அவற்றை வாசித்தாள். கல்யாணமும் இரண்டாம் தாரமாகத்தான் அமைந்தது. விஸ்வநாத் தங்கமான மனிதர், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ஆனால் அந்த வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் வேறொரு பெண்ணின் பெயர் பொறித்திருந்தது. குத்துவிளக்கில்கூட. விளக்கைத் துடைக்கும்போது சாவித்ரி அந்தப் பெயரின் புள்ளிகளில் புளி அடைந்திருந்தால் ஊசியால் எடுத்துச் சுத்தம் செய்வாள். அழித்து வேறு பெயர் போட்டுக்கொள் என்றேன் ஒரு முறை. ஸ்ரேயாவோட அம்மா பேரு, அவள் பார்க்கட்டும் என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மல்காஜ்கிரியில் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி ஒன்றில் அவள் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் அங்கிருந்த குமாஸ்தா அவள் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் மைப்பெட்டியை நகர்த்தினார். இவளும் எதுவும் சொல்லாமல் பெருவிரலை வைத்துவிட்டாள். பிறகு பேங்கிலும் அதுவே பதிவாகிவிட்டது. மாற்றப் போனால் சம்பளம் நின்றுவிடும் என்று கூட வேலை செய்தவர்கள் பயமுறுத்தினார்கள். மாத நாவலை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிறவள், ஓட்டுப் போடப் போனாலும் பெருவிரலையே நீட்டினாள். எனக்கு அது பல்லில் கல் கடித்த மாதிரி.

இத்தனையும் மனதில் இருந்ததால்தான், வீணை என்று பேச்சு வந்ததும் நான் புதுசுதான் என்று ஒரே பிடியாக நின்றேன்.

பேச்சு ஏன் வந்தது என்றால், சுமதி டீச்சரின் கணவருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்துவிட்டது. தீபாவளிக்கு முன் கிளம்புகிறார்கள். எட்டு வருடமும் சாவித்ரி வாசித்தது டீச்சர் வீட்டு வீணையில். விடுதியில் காலைச் சமையல் முடித்துவிட்டு நேராக அங்கே போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வாசித்துவிட்டு வருவாள். சொந்த வீணை இல்லையென்றால் தீபாவளியோடு வாசிப்பு நின்றுவிடும். போனில் பாடம் எடுக்க டீச்சர் தயார். ஆனால் கையில் வீணை வேண்டும்.

விஸ்வநாத்தைக் கேட்டோம். அவர் மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்தவர், வேண்டாம் என்பதை நக்கோ என்றுதான் சொல்வார். "புதுசும் நக்கோ, பழசும் நக்கோ. நம்ம வீட்டுல நாம கால் நீட்டிப் படுக்கணும்னா வாசக்கதவைத் திறந்து வைக்கணும். வீணை எங்க படுக்கும்?" என்றார். அன்று சாயங்காலமே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தன் தையல் மெஷினைப் பால்கனிக்கு நகர்த்தினார். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக அவர் வாங்கிய மெஷின் அது. அவர் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

சிக்கந்தராபாத்தில் ஒரு கடையில் புது வீணை இருந்தது. நான் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். குடத்தில் வண்ணம் எங்கும் வழியவில்லை. பித்தளை மெட்டுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. யாளி முகத்தின் நாக்கில்கூடச் சிவப்பு பிசிறில்லாமல் இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. சாவித்ரி உட்கார்ந்து கொஞ்சம் வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து ஜூஸ் குடிக்கும்போதுதான் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு அக்கா. சத்தம் மட்டும் உள்ளேயே நின்னுடுது."

பழகப் பழகச் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னதை நானும் சொன்னேன். டீச்சரும் இரண்டு பக்கமும் பேசினார். புதுசில் மரம் இறுகிச் சத்தம் திறக்கச் சில வருடம் ஆகலாம். பழசில் என்ன ஒட்டு, என்ன விரிசல் இருக்கிறது என்று வாசித்துப் பார்க்காமல் தெரியாது. மேலோட்டமாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள் என்றார்.

அப்போதுதான் ஸ்ரேயா ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ப்ரியா என்பவர் வீணை விற்பதாகப் போட்டிருந்தாராம். கோயம்புத்தூர்க்காரர்கள். மகள் ஹம்ஸினி பத்து வருடம் வாசித்த வீணை. அவள் படிக்க ஜெர்மனி போய்விட்டாள். இவர்களும் வீட்டைக் காலி செய்கிறார்கள். நான் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, குடத்தில் கீறல் இருக்கிறது என்றேன். ஸ்ரேயா என்னிடம் பேசாமல் சாவித்ரியிடம் பேசினாள். "அம்மா, நுவ்வே டிசைட் செய். பெரியம்மா காது." முடிவெடுக்க வேண்டியது நீ, பெரியம்மா இல்லை என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை என்று கிளம்பினேன்.

எல்லோருக்கும் விடுமுறையாக ஒரு நாள் பார்த்து அக்டோபர் பதினொன்று என்று வைத்துக்கொண்டோம். எங்கள் தெரு நூர் முகமதுவின் ஆட்டோவில் நானும் சாவித்ரியும் போனோம். ப்ரியா கதவைத் திறந்து எங்களை உள்ளே அழைத்து, குங்குமம் கொடுத்தபோதுதான் அவரும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விடுமுறை எதற்காக விட்டிருக்கிறார்கள் என்று யாருமே யோசிக்கவில்லை. அன்று சரஸ்வதி பூஜை. கொலுப்படிக்குப் பக்கத்தில், கோலம் போட்ட பலகையின் மேல், சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களோடு வீணை பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும்.

ப்ரியாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எனக்குத் தோணவே இல்லைங்க. நாளைக்குக் காலைல விஜயவாடாலிருந்து ஒருத்தர் கார் எடுத்துட்டு வர்றார். வேண்டாம்னு நீங்க சொன்னா அவருக்குத்தான்னு சொல்லியிருக்கேன். முதல்ல பேசினது நீங்க. இன்னைக்குச் சரின்னா உங்களுக்குத்தான்" என்றார். வாசித்துப் பார்க்காமல் எப்படிச் சரி என்பது? எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. சிக்கந்தராபாத் கடை மறுநாளும் திறந்திருக்கும்.

சாவித்ரி கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து வீணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ரியா சுண்டல் கொண்டுவந்தார். கொலு பார்க்க வந்தவர்கள் ஒரு பாட்டாவது பாடாமல் போகக் கூடாது என்று வழக்கம்போலக் கேட்டார். என்னைக் கேட்டிருந்தால் தொண்டை சரியில்லை என்றிருப்பேன். சாவித்ரி நிமிர்ந்து, "இந்த வீணை இப்ப சுருதி சேர்ந்திருக்கா?" என்று கேட்டாள்.

"ஹம்ஸினியோட டீச்சர் நேத்து வந்து சேர்த்து வெச்சுட்டுப் போனாங்க. வருஷா வருஷம் அவங்கதான் செய்வாங்க."

"ஃபேனை நிறுத்திடலாமா?"

ப்ரியா நிறுத்தினார். சாவித்ரி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மா விளக்கேற்றும்போது பாடும் பாட்டை எடுத்தாள். முதல் அடியில் எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. இரண்டாவது அடியைச் சற்று மேலே தூக்கி எடுத்தாள். இன்னும் ஒரு இழை மேலே. அங்கே ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினாள். அவள் வாயை மூடிய பிறகும் அந்த ஸ்வரம் அறையில் இருந்தது.

வெளியே யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்தேன். அவள் திரும்பவும் அதே ஸ்வரத்தைப் பாடினாள். தந்தியின் மேல் ஒரு சாமந்தி இதழ் விழுந்து தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத அறையில் அந்த இதழ் நடுங்கியது. யாரும் கை வைக்கவில்லை. தந்தி தானாக அவள் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ப்ரியா சுண்டல் கிண்ணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழே ஒரு ஸ்வரம், மேலே ஒரு ஸ்வரம் என்று பாட்டு முடிவதற்குள் ஒவ்வொரு தந்தியாக விசாரித்துவிட்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "விரிசல் இருந்தா கரகரக்கும். கரகரக்கலை. சத்தம் வெளிய வருது பாரு."

"பழசுடி" என்றேன். "பொறந்ததுலேருந்து பழசுதான் உனக்கு. இது ஒண்ணாவது புதுசா இருக்கட்டுமே."

அவள் சிரித்தாள். கோபித்திருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

"உன் பாவாடையெல்லாம் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். வேணும்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. என்னை யாரும் கேக்கலையே. இது அப்படி இல்ல அக்கா. இது நானா எடுக்கறேன்."

அவள் ப்ரியாவைப் பார்த்து, நாளைக்குக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை செய்து, வீணையைப் பலகையோடு வடக்கே நகர்த்தி, ப்ரியா அவளையே முதலில் வாசிக்கச் சொன்னார். ஜெர்மனியில் அப்போது விடிந்திருக்காது; ஹம்ஸினி போனில் தூக்கக் கலக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீணையைச் சுற்றி வந்து பார்த்தேன். குடத்தின் கீறல் நான் நினைத்ததைவிட நீளம்தான். நடுவில் சில மெட்டுகள் விரல் பட்டுத் தேய்ந்து பள்ளமாகியிருந்தன. தேய்ந்த இடமெல்லாம் சாவித்ரியின் விரல் போய் நின்ற இடங்களாகவே இருந்தன. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

கீழே நூர் முகமது வீணையைப் பார்த்துவிட்டு ஆட்டோவைப் பார்த்தார். "வீணா ஆட்டோ மே, ஆப் லோகா பஸ் மே" என்றார். நாங்கள் பஸ்ஸில் வர வேண்டியதுதான் என்கிறார். கடைசியில் என் மடியில் குடம், அவள் மடியில் யாளி முகம் என்று ஏற்பாடானது.

வாசலில் காவலாளி நிறுத்தினார். அந்தக் குடியிருப்பில் எந்தப் பொருள் வெளியே போனாலும் எடுத்துப் போகிறவர் பதிய வேண்டும். பழைய வீணை ஒன்று என்று அவரே எழுதிக்கொண்டு, யார் எடுத்துப் போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். சாவித்ரி இறங்கிப் போய்த் தன்னைக் காட்டினாள். அவர் அவளுடைய நூல் புடவையையும், சமையல் மஞ்சள் ஏறிய விரல்களையும் பார்த்தார். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்காக வைத்திருந்த மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் பெருவிரல் பழக்கத்தில் நீண்டுவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் கையை இழுத்துக்கொண்டு, "கலம் தேவ் பையா" என்றாள்.

அவர் தன் பேனாவைக் கொடுத்தார். என் மடியில் வீணை இருந்ததால் நான் ஆட்டோவிலிருந்தே எட்டிப் பார்த்தேன். அவசரப்படாமல், ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி முழு எழுத்தாக, தமிழில், சாவித்ரி என்று போட்டாள். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. காவலாளி எழுதுவதற்கு முன் அதையும் அவளே எழுதினாள்: 12-10-2024.