எதிர்வீட்டில் முதலில் போடட்டும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பிராசசர் மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்வி முதல்முறை வந்தபோது, அதை ஒரு விவசாயக் கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டோம். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் கணவர் திருக்காட்டுப்பள்ளியில் நெல் போடுகிறவர். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். மின்சுற்றுப் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், வீட்டில் பியூஸ் போனால் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன்.

கேள்வியைக் கொண்டுவந்தது மகள். அதற்குப் பின்னால் இருந்தது ஒரு பஸ்.

அவள் தஞ்சாவூரில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தாள். தினமும் போய்வருவாள். ஒரு மாலை, எதிரே வந்த வைக்கோல் லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது, புது ஆற்றுக் கரை சரிந்து அவள் வந்த பஸ் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. யாரும் சாகவில்லை, ஆற்றில் அதிகம் தண்ணீர் இல்லாததால். அந்த வருடம் அணை திறந்ததே தாமதம். திறந்த பிறகும் முறை வைத்துத்தான் விட்டார்கள்; சில நாள் அந்த ஆற்றுக்கு, சில நாள் இந்த ஆற்றுக்கு. அன்றைக்குப் புது ஆற்றின் முறை இல்லை. இடுப்பளவுதான் கிடந்தது. அன்று காலை வரை என் கணவர் தண்ணீர் விடாதவர்களைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். மகள் யாரோ ஒருவருடைய கட்டம் போட்ட லுங்கியைத் தோளில் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்ற பிறகு, அந்தப் பருவம் முழுக்க அவரால் யாரையும் திட்ட முடியவில்லை. நாற்றங்கால் வெடித்தது. டீக்கடையில் எல்லோரும் கத்தும்போது அவர் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மகள் வீட்டுக்குள் வந்ததும் கேட்டது, "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?"

மறுநாளே வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான்தான் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல் இருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டால் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தது மறந்துவிடும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டால், நான் மட்டும் அவள் வரும் நேரம் ஆகிவிட்டதா என்று மணியைப் பார்ப்பேன். டெல்டாவில் இருந்துகொண்டு இதை வெளியில் சொல்ல முடியுமா?

கடைசி வருடத்தில் அவளுக்கு வேலை கூடியது. கட்டடத்தை வெறும் கோடாக வரைந்தால் போதாது. வெயில் எங்கே விழும், நிழல் எங்கே படும் என்று போட்டோ மாதிரியே காட்ட வேண்டும். எங்கள் பழைய கம்ப்யூட்டர் அப்படி ஒரு படத்தைச் செய்து முடிக்க, காலையில் குக்கர் வைக்கும்போது ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆகிவிடும். அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது. அவளும் வேறு வேலையில்லாமல் சமையலறையில் வந்து உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கல்லூரிக் கதை எல்லாம் பேசுவாள். நடுநடுவே எழுந்து போய்ப் பார்ப்பாள். "மேகம் மட்டும் வந்திருக்கும்மா" என்பாள். சில நாள் பாதியில் மின்சாரம் போய்விடும். மேகமும் போய்விடும்.

"வீட்டுல முடியாது. இனிமே சாயங்காலம் காலேஜ் லேப்லயே இருந்து முடிச்சிட்டு, கடைசி பஸ்ல வர்றேன்," என்றாள்.

கடைசி பஸ். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வேற வழியே இல்லியா?"

"இருக்கு. புதுத் தலைமுறை பிராசசர் வந்திருக்கு. அது போட்டா வீட்டுலயே முடிச்சிடுவேன்."

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"இப்பதாம்பா."

"இப்பதான் வந்துச்சுன்னா ஒரு போகம் பொறுத்துக்க. புது ரகத்த எடுத்தவொடனே மொத்த வயல்லயும் போடக் கூடாது. பக்கத்துல எவனாச்சும் போடட்டும். கதிர் எப்படிப் புடிக்குது, ஆனைக்கொம்பன் விழுதான்னு பாத்துட்டு நாம போடலாம்."

"அப்பா, இது சிப்பு. நெல்லுக்கு வர்ற பூச்சி இதுக்கு வராது."

"வேற பூச்சி வரும்," என்றார் அவர்.

இதில் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. அடுத்த நாள் நானே எதிர்வீட்டுக்குப் போய், அவர்கள் புதுசு போடும் எண்ணத்தில் இருக்கிறார்களா என்று விசாரித்தேன். எதிர்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மகன் அமெரிக்காவில். அவர் வீட்டில் இல்லாத புதுசு எங்கள் தெருவில் இருக்க முடியாது என்பது என் கணக்கு.

"நாங்களும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கோம்மா. நீங்க போட்டீங்கன்னா, எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு நாங்களும் போடலாம்னு இருக்கோம்," என்றார்.

கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாய் துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். நவீனம் என்றால் ஊரில் அவரைத்தான் கேட்போம். கணவரும் நானும் போனோம்.

"வாங்க டீச்சர், வாங்கண்ணே. உக்காருங்க."

"பாய், அந்தப் புது பிராசசர் இருக்கா?"

"வரவழைக்கலாம். ஊர்ல ஒருத்தர் போட்டாங்கன்னா தைரியமா நாலு எறக்கிடுவேன். நீங்க போடுறீங்களா?"

ஊரே வரப்பில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது.

"பழசுக்கும் இதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் கணவர்.

பாய் சற்று யோசித்து, எங்களுக்குத் தகுந்தபடி சொன்னார். "பழசுல ஒரு ஆளு நடவு நடுறான்னு வச்சுக்குங்க. இதுல ரெண்டு ஆளு."

"ரெண்டு ஆள விட்டா வேல சீக்கிரம் முடியும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டு பீடி குடிப்பான்."

"இவுங்க வயல்ல அப்படித்தான் பாய்," என்றேன் நான். "மொதலாளியும் சேந்து குடிப்பாரு."

பாய் சிரித்தார். கணவருக்குக் கோபம். அதைக் காட்ட, பாய் பில் போடும் கம்ப்யூட்டரைச் சுட்டினார். அது எங்கள் வீட்டில் இருந்ததைவிடக் கிழடு. விசைப்பலகையில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. "நீங்க ஏன் மாத்தல?"

"எனக்கு இது போதும்ணே. நான் விக்கிற ஆளு."

வீட்டுக்குத் திரும்பி இரண்டு நாள் நாங்கள் முடிவெடுக்கவில்லை. மூன்றாம் நாள் அணையில் தண்ணீர் நிறைய வருகிறது, இந்த வருடம் முறை கிடையாது, எல்லா ஆற்றிலும் நிரம்ப விடுவார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். கணவரின் முகம் மலர்ந்தது. அப்படியே என் பக்கம் திரும்பினார். மலர்ந்தது பாதியில் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். தன் வாழ்நாளில் யாரும் போட்டுப் பார்க்காத ரகத்தை அவர் முதலில் போட்டது அன்றைக்குத்தான்.

பிராசசர் வந்தது. அது பழைய போர்டில் உட்காராது என்றார் பாய். போர்டை மாற்றினால் பழைய மெமரி சேராது. இவ்வளவையும் பழைய பவர் சப்ளை தாங்காது. கடைசியில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மிஞ்சியது, தூசி படாமல் இருக்க என் பழைய சேலையில் நான் தைத்த உறை ஒன்றுதான். அதுவும் புதுப் பெட்டிக்குக் கட்டையாக இருந்தது.

அடுத்து வந்தது கணவர் சொன்ன வேறு பூச்சி. எங்கள் தெருவுக்கும் வயல் மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார்கள் ஓடினால் வீட்டில் விளக்கு மஞ்சளாகும். பழைய கம்ப்யூட்டர் அதைப் பொறுத்துக்கொண்டு தூங்கித் தூங்கி ஓடும். புதுசு பொறுக்காது, அதோடு சேர்த்து வாங்கிய யு.பி.எஸ். வீல் வீல் என்று கத்தும். மகள் படம் செய்யும் நேரங்களில் கணவர் தன் மோட்டாரை நிறுத்தினார். பிறகு பக்கத்து வயல்காரர்களிடமும் போய்ச் சொல்லி நிறுத்தவைத்தார். கம்ப்யூட்டருக்கு ஒரு முறை, மோட்டாருக்கு ஒரு முறை என்று ஏற்பாடு.

"எதுக்குண்ணே நிறுத்தணும்?" என்று கேட்டவரிடம், "எம்மவ வீட்டுல வெயில் அடிக்கிற படம் போடுறா," என்றாராம். அந்த ஆள் வானத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்தியிருக்கிறார்.

ஆனால் கம்ப்யூட்டர் ஓடியது. படம் ஒன்றை ஆரம்பித்தால், கீரையை முறத்தில் கொட்டுவதற்குள் முடிந்துவிடும். கடைசி பஸ் என்ற பேச்சே இல்லை. மகள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, நேரே அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். சமையலறைக்கு வர அவளுக்கு நேரம் இல்லை. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம். கீரையை நானே உருவினேன். பரவாயில்லை, கண்ணுக்கு முன்னால் இருக்கிறாள், முதுகுதான் தெரிகிறது, அதனால் என்ன என்று இருந்தேன்.

படிப்பு முடிவதற்குள் அவள் வீட்டிலிருந்தபடியே சென்னைக்காரர் ஒருவருக்குப் படம் செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து சிங்கப்பூரில் ஒருவர் கேட்டார். அவருக்கும் செய்தாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிக்கிறீர்கள் என்று அவர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்த சம்பா அறுவடைக்கு அவள் இங்கே இல்லை, சிங்கப்பூரில் வேலை. தஞ்சாவூருக்கு அவள் பஸ்ஸில் போகக் கூடாதே என்று வாங்கிய எந்திரம், அவளைக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்ப எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தலைமை ஆசிரியர் எதிர்வீட்டிலிருந்து வந்து பார்த்தார். "நல்லா ஓடுதா?" என்றார்.

"ரொம்ப நல்லா ஓடுது சார்," என்றேன். அவரும் வாங்கினார். பாய் நாலு இறக்கினார்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுகிறாள். எங்கள் எந்திரம் இப்போது கிழடு. முகம் கட்டம் கட்டமாக வரும்; பேசிக்கொண்டே இருக்கும்போது உறைந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ தலைமுறை வந்துவிட்டதாம்.

"அம்மா, அந்த டப்பாவ மாத்துறியா இல்லியா? இப்ப நாலு கோர் வந்தாச்சு."

"நாலு ஆளா?" என்றார் கணவர், என் தோளுக்குப் பின்னாலிருந்து. இப்போது அவருக்கு எதிலும் சந்தேகம் இல்லை. "நாளைக்கே மாத்திடுவோம். பாய்ட்ட சொல்லிட்டேன்."

"இப்பதான் வந்திருக்கு," என்றேன். "யாராச்சும் போடட்டும், பாப்போம்."

"இது நான் சொல்ற பேச்சுல்ல?"

"நல்ல பேச்சுன்னுதான் எடுத்துக்கிட்டேன்."

மகள் சிரித்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் அவளுக்கு எங்கோ போக வேண்டியிருக்கிறது. "பஸ் வந்துடும்மா, நான் கெளம்புறேன்," என்று எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். அந்த ஊர்ப் பஸ்ஸெல்லாம் குளிர்சாதனம் போட்டது, கரையோரம் போகாது, வைக்கோல் லாரியே கிடையாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.

படம் அங்கேயே நின்றது. பை பாதித் தோளில். வாய் எதையோ சொல்லத் திறந்தபடி. கணவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. காதில் புதுத் தோடு. அது நின்றிருக்கும் வரை அவள் இன்னும் பஸ் ஏறவில்லை.

"தொங்கிடுச்சா?" என்று கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ம்."

"அதான் சொல்றேன். நாளைக்குக் கடைக்குப் போவமா?"

"அறுப்பு முடியட்டுங்க," என்றேன்.