தூங்க மறுத்த ராஜகுமாரி

கொல்கத்தாவில், சால்ட் லேக்கிலுள்ள எங்கள் குடியிருப்பில் துர்கா பூஜை என்றால் சப்தமி மாலை குழந்தைகள் நாடகம் கட்டாயம் உண்டு. எழுதுவது, இயக்குவது, குழந்தைகளை மிரட்டுவது எல்லாம் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பெண்மணிதான். ஐம்பதைத் தாண்டியவர். எனக்கு அவர் தீதி, அதாவது அக்கா; குழந்தைகளுக்குக் காகிமா, நம் ஊர்ச் சித்தி மாதிரி.

சென்ற வருடம் ஒத்திகை தொடங்கிய அன்று, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அம்மா, நான் ராக்கோஷி!" என்று பல்லைக் காட்டி உறுமினாள். ராக்கோஷி என்றால் வங்காளத்துக் கதைகளில் வரும் அரக்கி.

"அப்ப ராஜகுமாரி யாரு?"

மூன்றாம் மாடியில் இருக்கும் அவளுடைய தோழியாம். "நான்தான்மா மொதல்ல கை தூக்கினேன். ராஜகுமாரின்னா ஃபர்ஷாவா இருக்கணும்னு காகிமா சொல்லிட்டாங்க."

ஃபர்ஷா என்றால் வெளுப்பு. நாளைக்கு மழை வரும் என்பதுபோல அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் என் நிறம். திருநெல்வேலியில் சின்ன வயதில் என்னிடம் நீலக் கண் பொம்மை ஒன்று இருந்தது. விளையாட்டில்கூட நான் அதற்கு அம்மாவாக இருந்ததில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகத்தான் இருந்தேன். அப்படி விளையாடச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

நேராக தீதி வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். மேஜைமேல் இடுப்புவரை தொங்கும் மஞ்சள் நிற டோப்பா ஒன்று கிடந்தது.

"தீதி, இந்த ராஜகுமாரிக்கு எந்த ஊர்?"

"நம்ம பக்கம்தான். வங்காளத்து ராஜா பொண்ணு."

"அப்புறம் எதுக்கு இந்த முடி?"

அவர் சிரித்தார். "குழந்தைங்க பை, தண்ணி பாட்டில், டிபன் டப்பா எல்லாத்துலயும் இந்த முடிதானே இருக்கு? வேற மாதிரி கொண்டு வந்தா ராஜகுமாரின்னு நம்புவாங்களா?"

"என் பொண்ணு நம்பினாளே தீதி. அதனாலதான் கை தூக்கினா."

தீதி டோப்பாவைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குக் கொடுத்தாச்சே. அடுத்த வருஷம் பார்ப்போம்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "ராக்கோஷிக்குத்தான் வசனம் ஜாஸ்தி," என்று சமாதானம் சொன்னார். நான் முறைத்த முறைப்பில் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

கடைசியில் எல்லாவற்றையும் மாற்றியது அந்தத் தோழிதான். ஒரு நாள் ஆபீஸிலிருந்து வரும் வழியில் மகளை அழைத்துவர ஒத்திகைக்குப் போனேன். மந்திரத்தில் மயங்கித் தூங்குவதுதான் ராஜகுமாரியின் வேலை. தோழி பெஞ்சில் படுத்து டோப்பாவுக்குள் விரலைவிட்டுச் சொறிந்தபடி, என் மகள் உறுமிக்கொண்டு சுற்றுவதை ஏக்கத்தோடு பார்த்தாள். திடீரென்று எழுந்து டோப்பாவைக் கழற்றி வீசினாள்.

"காகிமா, எனக்குத் தூக்கமே வரல. நானும் கத்தணும்."

"ராஜகுமாரி கத்த மாட்டா."

"அப்ப நான் ராக்கோஷி!"

"நான் ராஜகுமாரி!" என்று பாய்ந்தாள் என் மகள். "ஆனா நான் தூங்க மாட்டேன்."

தீதி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சத்தியமாக நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தீதி அன்றே நாடகத்தைத் திருத்தினார். ராக்கோஷி விடுகதை போடுவாள், விழித்திருக்கும் ராஜகுமாரி பதில் சொல்லித் தப்பிப்பாள். மஞ்சள் டோப்பாவை வெட்டி ராஜாவுக்குத் தாடி செய்தார்கள்.

சப்தமி மாலை, மேடைக்குப் பின்னால் மேக்கப்காரர் என் மகளைப் பார்த்ததும் பெட்டியிலிருந்த வெளுப்பான பவுடரை எடுத்தார். "ராஜகுமாரிதானே? நல்லா வெளுப்பாக்கிடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தீதியின் குரல் வந்தது. "வேண்டாம் அண்ணா. ராஜகுமாரி நிறம் இதுதான். கண்ணுக்கு மை மட்டும் போடுங்க." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

என் அரக்குப் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு, சுருட்டை முடியை விரித்துவிட்டு, கிரீடத்தோடு மேடையேறினாள் என் மகள். முதல் விடுகதைக்கு டக்கென்று பதில் சொன்னாள். இரண்டாவதற்கு விழித்தாள். முகமெல்லாம் பச்சை பூசியிருந்த ராக்கோஷி மெல்லக் குனிந்து, ராஜகுமாரியின் காதில் பதிலைச் சொன்னாள். ஒலிபெருக்கி அதை ஊருக்கே கேட்க வைத்தது. பந்தல் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். மேடையில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வேஷத்தைக் கலைக்க இருவரும் சம்மதிக்கவில்லை. அப்படியே வாசலிலிருந்த முட்டை ரோல் கடைக்குக் கூட்டிப்போனோம். கடைக்காரர் கல்லில் முட்டையை உடைத்துவிட்டு இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

"ராஜகுமாரி, மிளகாய் போடலாமா?"

"நிறையப் போடுங்க," என்று உத்தரவிட்டாள் என் மகள்.