ஒன்பது நாற்பதுக்கு விற்ற பங்கு

பாலகுருவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுவதற்குள் கலவையை முடிக்க வேண்டும், அதனால் விடிந்ததும் உள்ளே போய்விடுவான். பங்குச்சந்தை திறப்பதோ ஒன்பதேகாலுக்கு. அவனுக்குச் சனி பிடித்தது இந்த இடத்தில்தான்.

சாத்தூரில் பி.காம். பாதியில் விட்டவன். ஆனால் போனில் பங்கு விலை ஏறி இறங்கும் சார்ட்டைப் பார்த்தால் போதும், கோட்டின் வடிவத்தைக் காட்டி, "இது தலையும் தோளும், எறங்கப் போகுது. இது கப்பும் கைப்பிடியும், ஏறப் போகுது" என்று டீக்கடையையே கூட்டிவிடுவான். நாலு தடவை சொன்னபடியே நடந்தது. அதற்குமேல் கேட்கவா வேண்டும்? தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒரு சிமெண்டுக் கம்பெனி சார்ட்டில் கப்பும் கைப்பிடியும் தெரிந்ததும், மனைவி வள்ளித்தாயின் செயினை அடகு வைத்துப் பங்கு வாங்கினான். அவளும் அதே ஆலையில் அடுத்த ரூமில் மருந்து அடைக்கிறவள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளே கழற்றிக் கொடுத்தாள்.

இந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே ஆர்டர் போட்டு வைக்கலாம். இவன் போடவில்லை. முந்தின மாதம் அப்படிப் போட்டதில், விலை அந்த அளவைத் தொட்டு இவனை வெளியே தள்ளிவிட்டு மறுநாளே ஜம்மென்று ஏறியது. அந்த வயிற்றெரிச்சலில், இனி கண்ணால் பார்த்துத்தான் விற்பேன் என்று வீம்பு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. விலை எதைத் தொட்டாலும் போன் அதிரும்படி வைத்திருந்தான்.

ஆனால் ஆலைக்குள் போன் கூடாது. கேட்டிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அன்று காலை பாலகுரு, பாவி மனுசன், பழைய பட்டன் போனைக் கொடுத்துவிட்டு, நல்ல போனை டவுசர் பைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போனான்.

கலவை ரூம் வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் மின்சாரம் தங்காமல் இருக்க, அதில் கை வைத்துவிட்டுத்தான் நுழைவார்கள். பாலகுருவும் வைத்தான். பைக்குள் இருப்பதற்கு எந்தத் தகட்டில் கை வைப்பது?

கூட வேலை பார்க்கும் இருளாண்டி மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தார். தொடையில் போன் அதிர்ந்தது. மேல்கோடா, கீழ்க்கோடா? அந்த நினைப்பு ஒரு கணம்தான். கண்ணெதிரே கலந்து வைத்த மருந்து கிடந்தது. ஒரு பொறி போதும். பாலகுருவுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது.

"என்னலே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"வயிறு சரியில்லண்ணே."

ஓடவும் பயம், நிற்கவும் பயம். அடிமேல் அடி வைத்து வெளியே வந்தான். அடுத்த ரூம் ஜன்னலில் வள்ளித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மடியைச் சுற்றி மருந்து.

"எங்கன போறீக?"

போன் மறுபடியும் அதிர்ந்தது. ஐயோ, சும்மா இரு, சும்மா இரு என்று மனசுக்குள் அதைக் கும்பிட்டபடியே நடந்தான்.

வேலியோரக் கருவேல மறைவில் எடுத்துப் பார்த்தால், விலை ஏறியிருந்தது! விற்றான். வேலிக்கு வெளியே ஒரு கல்லுக்கடியில் போனைத் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் காலையில் பட்ட பயமெல்லாம் மறந்துபோய்விட்டது மனுசனுக்கு. "பாரு வள்ளி, நான் சொன்னேன்ல?" என்று நீட்டினான்.

அவளுக்கு வாயெல்லாம் பல். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எம்புட்டுக்கு வாங்கினது, எம்புட்டுக்கு வித்தது, எப்ப வித்தது. விரல் நின்றது.

"காலைல ஒம்பது நாப்பதுக்கா வித்தீக?"

"ஆமா."

"அப்ப நீங்க உள்ளல்ல இருந்தீக. என் ஜன்னலத் தாண்டித்தான போனீக?"

வள்ளித்தாய் போனைத் தரையில் வைத்தாள். தேய்த்துக் குளித்தும் போகாத மருந்து அவள் நகக்கண்ணில் வெள்ளியாய் ஒட்டியிருந்தது.

"நானும் அங்கனதான இருந்தேன்" என்றாள்.

பணம் கைக்கு வந்ததும் அவன் மீட்டுவந்த செயினை அவள் கையால்கூடத் தொடவில்லை. இன்றுவரை பீரோவில்தான் கிடக்கிறது.